புதுவையில் கணினி – 12: எக்ஸ்பியை விட மனமில்லாத ஊர்

சேதராப்பட்டிலிருந்து எச்சிஎல் கணினிகள் லாரி லாரியாகக் கிளம்பிய காலத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். எச்சிஎல் மட்டுமல்ல, விப்ரோ, ஏசர், ஐபிஎம் என்று அன்றைய பெரிய பெயர்கள் எல்லாம் ஒன்றியப் பிரதேசத்தின் வரிச் சலுகையைப் பார்த்து இங்கே ஆலை போட்டன. 2005இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கியபோது புதுச்சேரி ஆலையும் சேர்ந்தே கைமாறியது. கணினியைத் தயாரிக்கும் ஊர் என்ற பெயர் சில ஆண்டுகளுக்கு நமக்கு நிஜமாகவே இருந்தது.

இந்த இதழில் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன ஓடியது என்பதைப் பார்ப்போம். முக்கியமாக ஒரே ஒரு பதிப்பை, விண்டோஸ் எக்ஸ்பியை. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாப்டின் ஆதரவை இழந்த பதிப்பு அது. புதுவையில் அதன் ஆயுள் அந்த இரண்டு தேதிகளுக்குள் அடங்கவில்லை. அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் மளிகை மொத்த வியாபாரக் கடைகளிலும் அதற்குப் பிறகும் அது ஓடியது. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று அப்போது அவர்களைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்பது என் கருத்து. புதிய பதிப்பு தன் வேலைக்கு என்ன தருகிறது, எதைப் பறிக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

முதலில், இவர்கள் எக்ஸ்பிக்கு ஏன் வந்தார்கள்?

விண்டோஸ் 98க்குத் தமிழ் தெரியாது. நாம் தமிழ் என்று திரையில் பார்த்ததெல்லாம் எழுத்துருக்கள் செய்த ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளுக்குப் போக மீதியிருந்த மேல் 128 இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்துக்கொண்டோம். டிஸ்கி ஒரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் வேறு முறைகள். ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்துக்கும் ஒரு சொந்த முறை வேறு. சென்னையிலும் மதுரையிலும் இது தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலான தகராறு: ஒருவர் தட்டியதை இன்னொருவர் திறந்தால் குப்பையாகத் தெரியும்.

புதுவையில் மூன்றாவது மொழி ஒன்று இருந்தது. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் ஏறும் சாய்கோடுகளும் கூரைகளும், அடியில் தொங்கும் கொக்கியும் விண்டோஸில் அதே மேல் 128 இடங்களில்தான் குடியிருந்தன. நம் ஊரின் பிரெஞ்சுப் பெயரிலேயே அப்படிச் சாய்கோடு தாங்கிய எழுத்து ஒன்று உண்டு. தமிழும் பிரெஞ்சும் கலந்த ஒரு கடிதத்தை வேர்டில் அடித்து, அதை மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள்: எழுத்துரு பற்றிய குறிப்பு உதிர்ந்த நிமிடமே ஊரின் பெயருக்கு நடுவில் சம்பந்தமில்லாத ஒரு தமிழ்க் குறி வந்து நிற்கும். இல்லையென்றால் தமிழ்ப் பத்தி முழுவதும் சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளாகச் சிதறும். பிரான்சின் குடியுரிமை உள்ள குடும்பங்கள், பிரெஞ்சுக் கால பிறப்பு, திருமணப் பதிவேடுகளிலிருந்து நகல் கேட்டு அலைபவர்கள், அந்த நகலை மொழிபெயர்க்கும் வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் என இரண்டு மொழியையும் ஒரே தாளில் எழுத வேண்டியவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களின் துறைகளுக்கோ தமிழ், பிரெஞ்சோடு கிரந்தமும் வடமொழி ஒலிக்குறிகளும் சேர்ந்துகொண்டன.

ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு இந்த மோதலைத் தீர்த்தது. விண்டோஸில் தமிழ் யூனிகோடு முதலில் வந்தது விண்டோஸ் 2000இல். சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் அதைக் கொண்டுவந்தது எக்ஸ்பி. லதா என்ற எழுத்துருவும் கூடவே வந்தது. ஆனால் வாங்கியவுடன் தமிழ் தெரியாது. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், வட்டார மொழி அமைப்புகளைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். அசெம்பிள் செய்த கணினி வாங்கியவர் வீட்டில் சிடி எங்கே இருக்கும்? பல பேருடைய தமிழ் அந்த இடத்திலேயே நின்றுபோனது. விவரம் தெரிந்த சர்வீஸ் பையன்கள் ஓஎஸ் போடும்போதே சிடியில் உள்ள ஐ386 ஃபோல்டரை டி டிரைவில் நகலெடுத்து வைத்துவிடுவார்கள். பிற்பாடு கேட்கும்போது வழியைக் காட்டினால் போதும். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பையையும் சேர்த்து நிறுவிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி ரேம் வேண்டும், 128 இருந்தால் நல்லது என்றது மைக்ரோசாப்ட். 98க்காக 32 எம்பியோடு வாங்கிய கணினிகள் அதில் திணறின. ரேம் வாங்கிப் போட்டார்கள், சிலர் மதர்போர்டையே மாற்றினார்கள். அந்தச் செலவு செய்யத் தகுந்த செலவு. விண்டோஸின் வரலாற்றில் புதுவைக்காரருக்கு, தமிழருக்கே கூட, ஒரு புதிய பதிப்பு அதுவரை செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்ய வைத்த தருணம் என்று நான் சொல்வது இதைத்தான். அதற்குப் பின் வந்த எந்தப் பதிப்பும் அவ்வளவு பெரிய காரணத்தோடு நம் வாசலுக்கு வரவில்லை.

எக்ஸ்பிக்கு அடுத்த பதிப்பான விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வந்தது. இரண்டே ஆண்டு முன்பு, 2005இல், எச்சிஎல் 9,990 ரூபாய்க்கு ஒரு கணினி விற்றது. பத்தாயிரத்துக்குள் கணினி வேண்டும் என்று அன்றைய மத்திய அமைச்சர் தயாநிதி மாறன் வலியுறுத்திய காலம் அது. 128 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், உள்ளே லினக்ஸ். அந்த விலையில் கணினி வந்ததைப் பார்த்து முதல்முறையாகக் கணினி வாங்கத் துணிந்த குடும்பங்கள் உண்டு. விஸ்டாவின் மிகச் சாதாரணப் பதிப்புக்கே 512 எம்பி வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் முகப்பு வேண்டுமென்றால் 1 ஜிபி. இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு கணினி நான்கில் ஒரு பங்கு தகுதியோடு வெளியே நின்றது.

புதிய கணினி வாங்கியவர்கள் பாடும் நிம்மதியாக இல்லை. 2006 இறுதியில் கடைகளுக்கு வந்த பெட்டிகளில் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. இன்டெலின் 915 சிப்செட் கொண்ட கணினிகளுக்கும் அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. ஆனால் விஸ்டாவின் புதிய திரை டிரைவர் முறை அந்தச் சிப்செட்டுக்கு ஒத்துவராது. விளம்பரத்தில் காட்டிய முகப்பு அதில் வராது. இதற்காக அமெரிக்காவில் 2007இல் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கில் வெளியே வந்த உள் மின்னஞ்சல்களில், தான் காசு கொடுத்து வாங்கிய விலை உயர்ந்த மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டும் பயன்படுகிறது என்று அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே வருத்தப்பட்டிருந்தார். நேரு வீதிக் கடையில் தவணையில் கணினி வாங்கியவருக்கு அப்படி எழுதிக் காட்ட யாரும் இல்லை. 'விஸ்டாவை எடுத்துட்டு எக்ஸ்பி போட்டுக் குடுங்கண்ணே' என்று கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.

ஊர் விஸ்டாவை மறுத்ததற்கு வேகம் ஒரு காரணம்தான். அதைவிடக் கனமான காரணம் அச்சகங்களில் இருந்தது.

புதுவையின் உள்தெருக்களில் டிடிபி வேலை செய்யும் சின்ன அச்சகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கட்சி துண்டறிக்கை. எல்லாமே பேஜ்மேக்கரில். அந்த மென்பொருளின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதோடு அடோபி அந்த வரிசையை நிறுத்திக்கொண்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. தமிழுக்கு ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்பு. அதற்குக் காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாக, கணினியின் பின்புறம் பழைய பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள். டாங்கிளைப் பிடுங்கினால் தமிழ் வராது. பேஜ்மேக்கர் விஸ்டாவுக்கென்று சோதிக்கப்படவே இல்லை. டாங்கிளின் டிரைவர் எக்ஸ்பிக்கு எழுதியது. புதிய மதர்போர்டுகளில் அந்தப் பெரிய பிரிண்டர் போர்ட்டே மெல்ல மறைந்தது. 64 பிட் விண்டோஸ் வந்தபோது பழைய 16 பிட் நிறுவல் நிரல்கள் அசையக்கூட மறுத்தன. கையொப்பமில்லாத டிரைவரையும் அது ஏற்காது.

ஆக, ஒரு பதிப்பை மாற்றினால் அந்த அச்சகக்காரர் ஓஎஸ்ஸோடு சேர்த்து பேஜ்மேக்கர், எழுத்துரு, டாங்கிள், பிரிண்டர், இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சேர்த்து வைத்த பழைய கோப்புகள் என்று ஐந்தை மாற்ற வேண்டும். அப்படி ஒருவரிடம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். 'மெஷின மாத்திடலாம் சார். அக்காவுக்கு அடிச்ச பத்திரிகையத்தான் தங்கச்சிக்கும் பேர மாத்திக் கேக்குறாங்க. அந்த ஃபைல் தொறக்கணுமே' என்றார். அவருடைய தொழிலின் மூலதனம் அந்தக் கோப்புகள். இன்டிசைனில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து வருவதற்கே பல பதிப்புகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மைக்ரோசாப்டும் இதை உணர்ந்ததுபோலவே நடந்துகொண்டது. கணினித் தயாரிப்பாளர்களுக்கு எக்ஸ்பி விற்பனையை 2008 ஜூன் 30 வரை நீட்டித்தது. சின்ன மடிக்கணினிகளுக்கு 2010 வரைகூடக் கொடுத்தது. 2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்தது. 1 ஜிபி ரேமில் நடந்தது, டிரைவர்களும் அதற்குள் வந்துவிட்டன. வாங்கிய புதிய கணினிகளில் அது தங்கியது. பழைய கணினிகளில் எக்ஸ்பி இருந்தபடியே இருந்தது.

நம் ஆலைகளின் கதையும் இந்த ஆண்டுகளில்தான் இறங்குமுகம் கண்டது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தத்தின்படி 2005இல் கணினி இறக்குமதிக்குச் சுங்கவரி இல்லாமல் போனது. உத்தராகண்டும் இமாச்சலும் கொடுத்த சலுகை நம் சலுகையைத் தின்றது. 2013இல் எச்சிஎல், விப்ரோ இரண்டும் கணினித் தயாரிப்பைக் கைவிட்டன. சேதராப்பட்டில் பூட்டிய பெட்டிகள் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே அவற்றுக்கு உதிரி பாகம் கேட்க வேண்டிய இடம் மூடிக்கொண்டது.

அதே 2013இல் எக்ஸ்பியின் முடிவுத் தேதி நெருங்கியபோது தமிழக அரசு ஒரு காரியம் செய்தது. எக்ஸ்பியை விட்டு பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தன் துறைகளை அறிவுறுத்தியது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழில் மெனு உண்டு, உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியிலும் நடக்கும். தமிழகத்துக்கு இது புதிய எண்ணமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறி, பள்ளிக் கணினிகளையும் அந்த வழியில் கொண்டுசென்றது.

புதுவையின் நான்கு பகுதிகளை எடுத்துக்கொண்டால் இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின, ஏனாம் ஆந்திரத்தை, மாஹே கேரளத்தை. கேரளம் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை மட்டுமே வைத்துக் கணினிப் பாடம் நடத்தியது. பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வும் லினக்ஸில்தான். ஆகவே ஒரே ஒன்றியப் பிரதேசத்தின் மாணவர்களில் மாஹே பிள்ளைகள் மட்டும் லினக்ஸைக் கையாளத் தெரிந்து வெளியே வந்தார்கள். விண்டோஸின் எந்தப் பதிப்பு வந்தாலும் போனாலும் அவர்களுடைய பள்ளிக் கணினிக்கு அது ஒரு செய்தியே இல்லை. மற்ற மூன்று பகுதிகளுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் விட்டது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இளைஞர்கள் அந்தக் குறையைத் தங்கள் முயற்சியால் ஓரளவு ஈடுசெய்தார்கள். கல்லூரி கல்லூரியாகப் போய் லினக்ஸ் நிறுவிக் காட்டினார்கள், மென்பொருள் சுதந்திர தினத்தைக் கொண்டாடினார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாணவர் மாறும் கல்லூரியில் அது எளிது. டாலி கணக்கு மென்பொருள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாத கடையில் எளிதல்ல. கடைக்காரர் லினக்ஸை மறுக்கவில்லை, டாலியை விட முடியவில்லை.

2014 ஏப்ரல் 8 வந்தது. மறுநாள் காலை எல்லாக் கணினியும் வழக்கம்போலத்தான் திறந்தது. ஆதரவு நின்றது என்றால் கணினி நின்றது என்று எதிர்பார்த்தவர்கள், இவ்வளவுதானா என்று அதை மறந்தார்கள். ஆதரவு நிற்பது என்றால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி யாரும் அடைக்க மாட்டார்கள் என்று பொருள். அந்தப் பொருள் 2017 மே 12 அன்று உலகத்துக்கே புரிந்தது. வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் ஒரே நாளில் நாடு நாடாகப் பரவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இந்தியாவில் ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் அகப்பட்டன. நிலைமையைப் பார்த்து, மூன்றாண்டு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஓர் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதிகம் பாதிக்கப்பட்டவை, ஆதரவு இருந்தும் திருத்தத்தை நிறுவாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். பதிப்பின் வயதைப் போலவே, அதைப் பராமரிக்கும் கையும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

வங்கிகளின் ஏடிஎம்களிலும் எக்ஸ்பிதான் அதிகம் ஓடியது. 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்வாசி, ஜூனுக்குள் முழுவதும் ஆதரவுள்ள பதிப்புக்கு மாற வேண்டும். கெடு போட்ட பிறகே வேலை நடந்தது. ஒரு வங்கிக்கே இப்படி ஒரு கெடு தேவைப்பட்டதென்றால், காந்தி வீதி அச்சகக்காரரைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அச்சகத்திலும் கடையிலும் எக்ஸ்பியை உண்மையில் வெளியேற்றியது பிரவுசர். 2016 ஏப்ரலோடு எக்ஸ்பியில் குரோம் புதுப்பிப்பு நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 வரை தாங்கியது. பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.2 முறை எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குத் தெரியாது. வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாக அந்த முறைக்கு மாறியபோது பக்கம் திறக்காமல் போனது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. கணக்குத் தாக்கல் முழுவதும் இணையத்தில். டாலியும் புதிதாக வேண்டும். எந்த ஓஎஸ் அறிமுக விழாவும் செய்ய முடியாததை ஒரு வரி செய்தது. புதுவைக் கடைத்தெருவில் பழைய கணினிகள் கூட்டமாக மாறியது அந்த ஆண்டில்தான்.

அப்போது பல அச்சகங்கள் கண்ட வழி நல்ல வழி. இணையத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் ஒரு புதிய கணினி. பேஜ்மேக்கருக்கும் டாங்கிளுக்கும் பழைய எக்ஸ்பி கணினி, ஆனால் நெட் ஒயரைக் கழற்றிவிட்டு. கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும், அதற்கு வைரஸ் பார்க்க வேண்டும். சிரமம்தான். ஆனாலும் ஓட்டையுள்ள ஒரு கணினியை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியவருக்குப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் யோசனையும் அதேதான்.

விண்டோஸ் 10 2015 ஜூலை 29 அன்று வந்தபோது, 7ம் 8.1ம் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். கேட்காமலே இறங்கியது, ராத்திரியில் தானாக மறுதொடக்கம் செய்தது. 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினிகளில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து நிற்கும். காரணம் எளியது. பின்னணியில் தேடல் பட்டியல் தயாரிப்பது, வைரஸ் பார்ப்பது, புதுப்பிப்பை இறக்குவது எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்கைக் கேட்கின்றன. ஒரே ஊசியால் ஓடி ஓடிப் படிக்கும் ஹார்ட் டிஸ்க்கால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல முடியாது. புராசசர் சும்மா இருக்கும், ஆள் காத்திருப்பார். எஸ்எஸ்டி விலை இறங்கியதும் இந்தச் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது. பத்து வயதான கணினிக்கு ஓர் எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டால் புதிது போல ஓடியது.

நம் ஊரில் இதோடு இன்னொரு வேலையும் உண்டு. கடல் காற்றில் ரேமின் பித்தளை நிறப் பற்கள் மங்கிப் பச்சை பூக்கும். கணினி பீப் பீப் என்று கத்தும், திரை வராது. சர்வீஸ் ஆள் ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அந்தப் பற்களை நாலு தேய் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்துவார். உயிர் வந்துவிடும். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி 2002க்குப் போயிருந்தால் இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும். நாணயம் அளவுள்ள ஒரு பேட்டரி மாற்றினால் சரி. இப்படி ரப்பராலும் பேட்டரியாலும் காப்பாற்றக்கூடிய கணினிகளைத்தான் அடுத்த பதிப்பு வாசலிலேயே தடுத்தது.

2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11, வேகத்தைக் கேட்பதோடு நிற்கவில்லை, பட்டியலைக் கேட்டது. மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, அதாவது ஏறக்குறைய 2017 இறுதிக்குப் பின் வந்த புராசசர் வேண்டும். சாவிகளைத் திருட முடியாத இடத்தில் பூட்டி வைக்கும் அந்தச் சில்லுக்கு உண்மையான பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள 2016ஆம் ஆண்டு கணினி ஒன்று தகுதியற்றது, 4 ஜிபியில் திணறும் மலிவான புதிய கணினி தகுதியுள்ளது என்ற நிலைமை முன்பு எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. குறுக்கு வழியில் நிறுவியவர்களில் சிலரும் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் மாட்டிக்கொண்டார்கள். கோர் 2 டுவோ காலத்துப் புராசசர்களில் இல்லாத ஒரு கட்டளையை அது கட்டாயமாக்கியது, கணினி திறக்கவே மறுத்தது.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. உலகம் முழுவதும் 24 கோடிக் கணினிகள் இதனால் குப்பைக்குப் போகலாம் என்று சந்தை ஆய்வு நிறுவனமான கேனலிஸ் 2023இலேயே கணித்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு கிடைத்தது. அதற்கு 30 டாலர் கட்ட வேண்டும், அல்லது மைக்ரோசாப்ட் புள்ளிகள் 1000 செலவழிக்க வேண்டும், அல்லது கணினியின் அமைப்புகளை அவர்களுடைய சேமிப்பகத்துக்கு அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டன. அங்கே வசிப்பவர்களுக்கு அந்த நிபந்தனை தளர்ந்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் போதும், நீட்டிப்பு இலவசம். புதுவையில் இது நேராகக் கண்ணில் படும் வேறுபாடு. பாரிஸில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு விதி, முத்தியால்பேட்டையில் இருக்கும் தம்பிக்கு ஒரு விதி. அண்ணனுக்கு அது தானாகக் கிடைக்கவில்லை. அங்கே கேட்பதற்கு அமைப்பு இருந்தது, கேட்டார்கள்.

இங்கே கேட்க வேண்டிய முதல் ஆள் அரசு. தமிழகம் 2011 செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. 2017 வரை கொடுத்தவற்றில் ஒன்றுகூட விண்டோஸ் 11 பட்டியலில் வராது. புதுவை அரசும் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கிறது. டெண்டர் ஆவணத்தில் ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், வாரன்டி எத்தனை ஆண்டு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தக் கணினிக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று ஒரு வரி கேட்டுச் சேர்க்கலாம். அந்த ஆண்டு முடிந்த பிறகு லினக்ஸ் நிறுவ எல்லா டிரைவரும் வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்க்கலாம். லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் தயாரிப்பாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். தனியாக ஒரு கணினி வாங்கும் அச்சகக்காரருக்கு அந்தப் பலம் கிடையாது.

அப்படிக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் தொலைவிலும் இல்லை. லெனோவோவின் ஆலை புதுவையில் இன்றும் இயங்குகிறது. அங்கே ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் தயாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது.

(தொடரும்)